'இளமகன்' என்றால் இளைஞனா? நடுகல்லில் வயது தேடுவது பற்றி

ஜூன் 4, கேள்வி

தண்டராம்பட்டுப் பக்கம் ஏரிக்கரையில் ஒரு நடுகல். ஊரில் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். வெளியே தெரிவது மூன்றரை அடி. வலக்கையில் வாள், இடக்கையில் கேடயம், தொடையில் ஒரு அம்பு, பின்னால் இரண்டு மாடு. தலைக்கு மேல் ஐந்து வரி வட்டெழுத்து (பழைய தமிழ் எழுத்து வகை). கோலமாவு தடவிப் படித்ததில் '...ஆர் இளமகன் ... தொறு மீட்டுப் பட்டான் கல்' என்பது வரை கிடைத்தது. பேர் மட்டும் பிடிபடவில்லை. இளமகன் என்றே இருப்பதால் பதினாறு, பதினேழு வயதுப் பையன் போரில் செத்திருக்கிறான் என்பது உறுதி. அப்படியே எழுதிப் பலகை வைக்கப்போகிறோம். அதற்கு முன்பு கல்லை ஆசிட் ஊற்றிக் கழுவி எழுத்துக்கு வெள்ளைப் பெயின்ட் அடிக்கலாம் என்கிறார்கள். எந்தப் பெயின்ட் வெயிலுக்கு நிற்கும்?

ஜூன் 4, இரவு 10.15

எந்தப் பெயின்டும் வேண்டாம். ஆசிட் வேண்டவே வேண்டாம். மாவையும் இன்றோடு நிறுத்துங்கள். மற்றது நாளைக்கு.

ஜூன் 5

முதலில் அந்தச் சொல். நடுகல் வாசகம் ஏறக்குறைய ஒரே அச்சில் வரும்: அரசன் பேர், ஆட்சியாண்டு, அவனுக்குக் கீழே உள்ள சிற்றரசன், அந்தச் சிற்றரசனைச் சேர்ந்தவர், அவருடைய ஆள், நடந்தது என்ன, 'பட்டான் கல்' (பட்டான் என்றால் செத்தான்). படிப்படியாக இறங்கி வந்து கடைசியில்தான் செத்தவன் பேர்.

உங்கள் வட்டத்திலேயே எடுத்தனூர்க் கல் இருக்கிறது. மகேந்திரவர்மனின் 34-ஆவது ஆட்சியாண்டு. வாணகோ அரைசரின் மருமக்கள் பொற்றொக்கையார், அவருடைய இளமகன் கருந்தேவகத்தி, அவன் தன் எருமைப்புறத்தே பட்டான் என்கிறது. இதில் 'பொற்றொக்கையார் இளமகன்' என்பது எந்த இடத்தில் நிற்கிறது பாருங்கள். வேறு கல்லில் அதே இடத்தில் 'இன்னார் சேவகன்' என்று வரும். அப்படியானால் இளமகன் என்பது உறவு, பணி. இன்னாருடைய ஆள், இன்னாருக்குக் கீழே நின்று ஆயுதம் எடுப்பவன். உங்கள் கல்லிலும் 'ஆர்' என்று முடிகிற ஒரு மரியாதைப் பேருக்கு அடுத்துத்தான் அது வருகிறது.

'இள' என்றால் வயது என்று உடனே கை நீட்டக்கூடாது. இளவரசர் அறுபது வயதிலும் இளவரசர்தான், அப்பா உயிரோடிருந்தால்.

ஜூன் 5, சற்றுக் கழித்து

'போரில்' என்பதும் இடிக்கிறது. தொறு என்றால் மாட்டு மந்தை. மந்தையைக் கவர வருவது வெட்சி, மீட்கப் போவது கரந்தை. உங்கள் ஆள் மீட்கப் போனவன், மீட்டும் இருக்கிறான், அதில் விழுந்திருக்கிறான். பின்னால் இருக்கும் இரண்டு மாடும் அழகுக்குச் செதுக்கியவை அல்ல, மீட்ட மந்தை. பலகையில் 'போரில்' என்று போட்டால் இரண்டு ராஜா, யானை, குதிரை என்றுதான் படிக்கிறவன் மனசில் ஓடும். 'தொறு மீட்டு' என்று அப்படியே போட்டுப் பக்கத்தில் பொருள் சொல்லிவிடுவது நல்லது.

ஜூன் 6: ஆசிட் ஏன் கூடாது

கருங்கல்லை ஆசிட் கரைக்காது என்பது பாதி உண்மை. கல்லில் இருக்கும் கருப்பு அபிரகத் துணுக்குகளில் இரும்பு உண்டு. ஆசிட் அதை வெளியே இழுத்துவிடும். ஆறு மாதத்தில் கல் முழுக்கத் துருப்பிடித்த மஞ்சள் ஒழுக்கு. கழுவினாலும் உப்பு உள்ளே தங்கும். மழையில் கரைந்து வெயிலில் மறுபடி படிகமாகிக் கல்லின் மேல்தோலைப் பொருக்குப் பொருக்காக எடுக்கும். இந்தக் கற்களில் எழுத்தின் ஆழமே சில மில்லிமீட்டர்தான். தோல் போனால் எழுத்தும் போயிற்று.

கம்பி பிரஷும் அப்படித்தான். கீறல் ஒரு பக்கம், கம்பித் துகள் கல்லில் தங்கித் துருவாவது இன்னொரு பக்கம். மணல் பீய்ச்சி அடிக்கும் வேலையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். நல்ல தண்ணீர் (ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் வேண்டாம், மழைத் தண்ணீர் உத்தமம்), மெத்தென்ற நைலான் பிரஷ் அல்லது தேங்காய் நார், மூங்கில் குச்சி. மேலிருந்து கீழாக நனைத்து, பாசி ஊறப் பத்து நிமிடம் விட்டு, வட்டமாகத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். காய்ந்த பாசியைச் சுரண்டினால் கல்லின் துணுக்கும் சேர்ந்து வரும், ஆகவே ஈரத்தோடுதான். இரண்டு, மூன்று நாள் இடைவெளி விட்டு இன்னொரு முறை. எண்ணெய் படிந்து கறுத்த இடம் இதில் போகாது. போகவும் வேண்டாம், விட்டுவிடுங்கள். கும்பிடுகிறவர்கள் நாளைக்கே மறுபடி எண்ணெய் வைப்பார்கள். பூசாரியிடம் பேசி, எழுத்து வரிகளுக்கு மேல் மட்டும் எண்ணெய், மஞ்சள் வேண்டாம், கால் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். சாமியைத் தொடாதே என்று பேச்சைத் தொடங்கினால் கேட்கமாட்டார்கள்.

ஜூன் 8: மைப்படி எடுக்க

மாவு ஏன் வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள். எந்தக் கோட்டுக்குள் மாவு போக வேண்டும் என்பதைத் தடவுகிற விரல் முடிவு செய்துவிடுகிறது. கல்லின் இயற்கை வெடிப்புக்குள்ளும் மாவு போகும், அது ஒரு கொம்பாகவோ காலாகவோ தெரியும். அப்புறம் அந்தப் படத்தைப் பார்க்கிற எல்லாரும் நீங்கள் படித்ததையே படிப்பார்கள். எறும்பு வருவது தனிக் கதை.

மைப்படி என்பது கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுக்கும் படி. அதற்கு வேண்டியவை: மேப்லித்தோ தாள், ஒரு வாளி தண்ணீர், படி எடுக்கும் அடர்த்தியான பிரஷ், மை, மை ஒற்ற ஒரு பஞ்சுப் பொதி. மை என்பது விளக்குக்கரி, வேலம்பிசின் ஊறிய தண்ணீரில் குழைத்தது. பஞ்சைத் துணியில் இறுக்கிக் கட்டி உள்ளங்கை அளவு உருண்டை செய்தால் பொதி தயார்.

கல்லை நனைக்கவும். தாளை நனைத்து, மேல் விளிம்பை ஒருவர் பிடிக்க, காற்றுக் குமிழி இல்லாமல் கல்லில் படரவிடவும். ஒரு தாள் போதாவிட்டால் அடுத்த தாள் ஓர் அங்குலம் மேலேறி இருக்கட்டும். இனி பிரஷால் நேராக அடிக்க வேண்டும், இழுக்கக்கூடாது. நடுவிலிருந்து ஓரத்துக்கு. எழுத்துப் பள்ளத்துக்குள் தாள் இறங்கி உட்காரும்வரை அடி. ஆழமான எழுத்தில் தாள் கிழியும், பயப்பட வேண்டாம், சின்னத் துண்டுத் தாளை ஈரத்தோடு அதன்மேல் வைத்து மறுபடி அடித்தால் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு காத்திருப்பு. சொதப்பல் முக்கால்வாசி இங்கேதான். தாள் சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போது மை வைத்தால் ஊறிப் பள்ளத்துக்குள் ஓடும், போதாக்குறைக்குத் தாளைத் தாண்டிக் கல்லிலும் இறங்கும். அந்தக் கறை போகாது. முழுக்கக் காயவிட்டால் தாள் கல்லை விட்டு எழும்பிவிடும், அடித்த அடி வீண். தாளின் பளபளப்பு போய், தொட்டால் சில்லென்று இருக்கிற நேரம்தான் சரியான நேரம். பொதியில் மையைத் தொட்டு, முதலில் ஒரு பலகையில் தட்டிச் சமப்படுத்திவிட்டு, தாளில் மெல்ல ஒற்றி ஒற்றி வரவும். மேடெல்லாம் கறுக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும். ஒரே தடவையில் கறுக்க அவசரப்படாமல் இரண்டு, மூன்று சுற்று.

காய்ந்ததும் மேலிருந்து உரித்து, பின்பக்கம் பென்சிலால் ஊர், இடம், கல் பார்த்த திசை, தேதி, எத்தனையாவது தாள் எல்லாம் எழுதிவிடுங்கள். இதை எழுதாத படி ஒரு வருடத்தில் குப்பை.

ஜூன் 9, திருத்தம்

நேற்று 'தாளைப் படரவிடவும்' என்று எழுதிவிட்டு ஏரிக்கரை என்பதை மறந்துபோனேன். ஏரிக்கரையில் பத்து மணிக்கு மேல் காற்று. தாள் ஒரு பக்கம் காய்ந்தும் ஒரு பக்கம் ஈரமாகவும் கிடக்கும். காலை ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்கு உரித்துவிடுங்கள். இரண்டு பேர் போதாது, மூன்று பேர்.

கல் பொருக்குவிட்டு, தட்டினால் சில இடத்தில் பொள்ளென்று சத்தம் கேட்டால் மைப்படியே எடுக்காதீர்கள். அடிக்கிற அடியில் தோல் கழன்றுவிடும். அப்போது வெளிச்சம் ஒன்றுதான் வழி.

எடுப்பதற்கு முன்பு ஊராட்சியிலும் மாவட்டத் தொல்லியல் அலுவலரிடமும் ஒரு வார்த்தை. பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால் அனுமதி இல்லாமல் கை வைக்கக்கூடாது.

ஜூன் 11

வெளிச்சம் பற்றிக் கேட்டவருக்கு: நேர் வெயிலில் எடுத்த படம் உதவாது. இருட்டிய பிறகு ஒரு டார்ச்சைக் கல்லின் பரப்பை ஒட்டி, ஏறக்குறையப் படுக்க வைத்தாற்போலப் பிடித்து, பக்கவாட்டில் அடியுங்கள். கேமரா அசையக்கூடாது, டார்ச் மட்டும் கடிகாரச் சுற்றில் நகரட்டும். இடமிருந்து அடிக்கும்போது காணாமல் போகிற கோடு மேலிருந்து அடிக்கும்போது எழுந்து நிற்கும். எல்லாத் திசையிலும் எழுந்து நிற்பது உளி வேலை. ஒரே திசையில் மட்டும் தெரிவது பெரும்பாலும் வெடிப்பு அல்லது நிழல். படத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். செருப்பு அளவுகோல் ஆகாது.

ஜூன் 14

படிகள் வந்தன. நன்றாகவே எடுத்திருக்கிறீர்கள், இரண்டாவது தாளின் வலது ஓரம் மட்டும் ஊறிவிட்டது.

மூன்றாம் வரியில் 'ஆர் இளமகன்' ஐயமில்லை. நான்காம் வரியில்தான் பேர். முதல் எழுத்து சிதைந்துபோயிற்று. இரண்டாவது ப-வா வ-வா? பிற்கால வட்டெழுத்தில் ப, ய, வ மூன்றும் ஒன்றையொன்று பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு ஒன்றுபோல ஆகிவிடும். பல்லவர் காலக் கல்லில் அவ்வளவு மோசம் இல்லை, ஆனால் தேய்ந்துவிட்டால் அதே கதி. அதற்கப்புறம் ஒரு ன். குறில் நெடில் சிக்கலும் உண்டு: அந்தக் கால எழுத்தில் எ, ஏ இரண்டுக்கும் ஒரே வடிவம், ஒ, ஓ இரண்டுக்கும் ஒரே வடிவம். வரி முடிகிற இடத்தில் சொல் முடிய வேண்டிய கட்டாயமும் இல்லை. கல்லில் இடம் தீர்ந்தால் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள், உருவத்தின் தோளை ஒட்டிக் கீழே இறங்கவும் செய்வார்கள். தோள் பக்கம் இரண்டு ஓரமும் இன்னொரு தடவை பாருங்கள்.

ஜூன் 15

'பையன் என்று போட்டால் என்ன குறைந்துவிடும், புறநானூற்றிலேயே இருக்கிறதே' என்று ஒரு கேள்வி. 279-ஆம் பாட்டு, ஒக்கூர் மாசாத்தியார். ஒரே மகனுக்குத் தலையில் எண்ணெய் தடவி, வேலைக் கையில் கொடுத்துப் போர்க்களத்தைப் பார்த்துப் போ என்று அனுப்புகிற தாய். அந்தப் பாட்டை நினைத்துக்கொண்டு கல்லைப் பார்த்தால் கல்லில் அந்தப் பையன்தான் தெரிவான். புரிகிறது.

ஆனால் பாட்டை மேலேயிருந்து படியுங்கள். அவள் அண்ணன் யானையை வீழ்த்தி... இல்லை, அண்ணன் என்றும் உரை உண்டு, அப்பா என்றும் உரை உண்டு. 'தன்னை' என்பதா 'தன் ஐ' என்பதா என்று அது வேறு வழக்கு, இங்கே வேண்டாம். அவள் கணவனுக்கு வருவோம்: 'பெருநிரை விலக்கி ஆண்டுப்பட் டனனே'. மாட்டு மந்தையைத் தடுத்து மீட்கப் போய் அங்கே பட்டான். உங்கள் கல்லின் 'தொறு மீட்டுப் பட்டான்' என்பதும் அதே செய்தி, அதே வினைச்சொல். பாட்டில் அந்தச் சொல் பையனுக்கு இல்லை, அவனுடைய அப்பனுக்கு. பையன் செத்தான் என்று பாட்டு சொல்லவே இல்லை, அனுப்புவதோடு முடிகிறது. அந்தப் பாட்டை வைத்து உங்கள் கல்லுக்கு ஆள் தேடினால் கிடைப்பவன் பிள்ளை பெற்றவன்.

ஜூன் 16

நேற்று எழுதியதில் கொஞ்சம் மிகையாகிவிட்டது. பாட்டை வைத்துப் பையன் என்பது எப்படித் தப்போ, அப்பன் என்பதும் அப்படியே தப்பு. அவன் இருபது வயதுக்காரனாகவும் இருக்கலாம். மந்தைக்குப் பின்னால் ஓடுகிறவன் கிழவனாக இருக்கமாட்டான் என்பதும் நியாயம்தான். நான் சொல்ல வந்தது, கல் வயதைச் சொல்லவில்லை. அரசனின் ஆண்டைச் சொல்கிறது, யாருடைய ஆள் என்று சொல்கிறது, எதற்காகச் செத்தான் என்று சொல்கிறது. நட்டவர்களுக்கு அவ்வளவு போதுமாக இருந்திருக்கிறது. உருவத்தில் மீசை இல்லை என்பதெல்லாம் சான்று ஆகாது. இது செதுக்குகிறவன் கைப்பழக்கம், முகச்சாயல் கிடையாது. அம்பு தொடையில் இருப்பதைக் கூட 'அங்கேதான் பட்டது' என்று சத்தியம் செய்ய முடியாது.

ஜூன் 17, கொஞ்சம் விலகி

வயதைத் தேடுவது நம் காலத்துப் பழக்கமோ என்று தோன்றுகிறது. சென்னை நந்தம்பாக்கத்தில் இருப்பது போன்ற காமன்வெல்த் போர்க் கல்லறைகளில் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதியோடு வயதும் இருக்கும், ஆனால் குடும்பம் தந்திருந்தால்தான். அடியில் குடும்பத்தார் எழுதிக்கொள்ள ஒரு வரி உண்டு. முதல் உலகப் போர்க் கற்களில் அதற்கு உச்சவரம்பு இடைவெளியும் சேர்த்து 66 எழுத்து. அந்தப் போருக்குப் பிறகு எழுத்துக்கு இவ்வளவு என்று காசு கேட்டதும் உண்டு.

அதே முதல் உலகப் போருக்கு நம் கிராமங்களில் வைத்த பலகைக்கல்லைப் பாருங்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள். எண் மட்டும். பேர் இல்லை. எருமை பக்கத்தில் விழுந்த கருந்தேவகத்திக்குப் பேர் இருக்கிறது, 1914-இல் கப்பலேறியவனுக்கு ஒரு ஒன்று, இரண்டு.

ஜூன் 18

எடுத்தனூர்க் கல் கி.பி. எந்த வருடம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 34 என்பதை எதோடு கூட்டுவது என்பதில்தான் இருக்கிறது. பழைய நூல்கள் மகேந்திரவர்மனுக்கு 600–630 என்று போட்டிருந்தன. அந்தக் கணக்கில் 34-ஆம் ஆண்டுக்கு இடமே இல்லை. செங்கம் பகுதிக் கற்களில் இப்படி 30-ஐத் தாண்டிய ஆண்டுகள் கிடைத்த பிறகு ஆட்சித் தொடக்கத்தை 600-க்கும் முன்னால் கொண்டுபோக வேண்டி வந்தது. அந்தக் கற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் இரா. நாகசாமி பதிப்பாசிரியராக 'செங்கம் நடுகற்கள்' என்று நூலாகவே போட்டது. உங்கள் பலகையில் கி.பி. எண் வேண்டாம், ஆட்சியாண்டு படிக்க முடிந்தால் அதை மட்டும் போடுங்கள். மாட்டைத் தேடிப் போனவன் சாவு ராஜாவின் காலக்கணக்கைத் திருத்தியிருக்கிறது என்பதை வேண்டுமானால் பேச்சில் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 19

எல்லாருக்கும் இப்போது நாய் வேண்டும் போலிருக்கிறது. ஆமாம், எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு அவன் நாயும் இருக்கிறது. கோவிவன் என்று அதற்குப் பேரும் வெட்டி, கள்ளனைக் கடித்துக் காத்திருந்தவாறு என்று தனி வரியும் கொடுத்திருக்கிறார்கள். அதனால் எல்லாக் கல்லிலும் நாய் இருக்கும் என்று ஆகாது.

ஜூன் 20

தோள் ஓரம் பார்த்தீர்களா? இடது ஓரத்தில் 'பட்டி' என்று ஒரு சொல் இருப்பதாகச் சொல்கிறீர்கள். அது உண்மையானால் பெரிய விஷயம். விழுந்தவன் குடும்பத்துக்கு நிலம் விடுவார்கள். நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி என்று அதற்குப் பேர். நெய்த்தோர் என்றாலும் உதிரம் என்றாலும் இரத்தம்தான். ஆனால் உங்கள் படத்தில் எனக்குத் தெரிவது 'பட்டா' வரைதான். 'பட்டான் கல்' என்ற தொடரே ஓரத்தில் இறங்கியிருக்கலாம், நீங்கள் மாவில் படித்தது வெடிப்பாக இருக்கலாம். டார்ச் அடித்து இன்னொரு படம்.

ஜூன் 21

டார்ச் படம் வந்தது. 'பட்டான்' தான். நிலம் போயிற்று, மன்னிக்கவும்.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அகநானூற்றிலேயே இந்தப் புகார் இருக்கிறது. உப்பு வணிகரின் வண்டிச் சக்கரம் இடித்துத் தலை சிதைந்த நடுகல், சூட்டிய கண்ணி வாடிக் கிடக்கிறது, நீராட்ட ஆளில்லை, 'கூருளி குயின்ற கோடுமாய் எழுத்து' கோடு மாய்ந்துபோய் வழிப்போக்கருக்கு வேறு பொருளைத் தருகிறது. தேய்ந்த எழுத்தைத் தப்பாகப் படிப்பது இரண்டாயிரம் வருடத் தொழில்.

ஜூன் 22: பலகை

நீங்கள் அனுப்பிய வாசகத்தில் 'இளம் வீரன்', 'வீர மரணம்', 'தாய்மண்' மூன்றையும் அடித்துவிட்டேன். மிச்சம்:

'நடுகல். வட்டெழுத்து. ……ஆர் என்பவரின் இளமகன் …[ப]ன், தொறு (மாட்டு மந்தை) மீட்டுப் பட்டான் கல். இளமகன்: ஆயுதம் ஏந்திய பணியாள்.'

சிதைந்த எழுத்துக்குப் புள்ளி, ஐயமான எழுத்துக்குச் சதுர அடைப்பு. புள்ளி அசிங்கமாக இருக்கிறது, ஒரு பேர் போட்டு நிரப்பிவிடலாம் என்று யாராவது கிளம்புவார்கள். விடாதீர்கள். நிரப்பிய பேருக்கு அடுத்த வருடம் பரம்பரை கிளம்பும், அதற்கடுத்த வருடம் சிலை.

பலகையைக் கல்லில் துளையிட்டு மாட்டக்கூடாது. நாலடி தள்ளித் தனிக் கம்பத்தில். கல்லைச் சுற்றிச் சிமென்ட் மேடை கட்டுவதாகவும் சொல்கிறார்கள், அதுவும் வேண்டாம். சிமென்ட் ஈரத்தைப் பிடித்துவைத்து உப்பைக் கல்லுக்கு ஏற்றும். சாய்ந்திருக்கிறது என்றால் மண்ணும் சல்லியும் போட்டுக் கிட்டித்தால் போதும். வடக்கே கரை இறங்குகிற பக்கம் தண்ணீர் தேங்காமல் ஒரு சின்ன வாய்க்கால்.

ஜூன் 22, இரவு

அடி மண்ணைத் தோண்ட வேண்டாம். ஓரத்தில் நாலு விரல் ஆழம் கையால் விலக்கிப் படம் எடுத்துவிட்டு அதே மண்ணை மூடிவிடுங்கள்.

ஜூன் 23

படம் பார்த்தேன். வலது காலடியில் உட்கார்ந்திருப்பது நாய் இல்லை. செங்கம் பக்கக் கற்களில் வீரன் காலடியில் கெண்டியும் (மூக்கு வைத்த பாத்திரம்) சிமிழும் வைப்பது வழக்கம். பக்கத்தில் சின்னதாக உருண்டையாக இருப்பது சிமிழ். மூக்கு தெளிவாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், தெரிகிறதுதான். அது கெண்டி மூக்கு.